சிறுவர் அணியும் பயிற்றுநரும்

பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையே 1879ஆம் ஆண்டில் முதலாவது கிரிக்கெட் போட்டி நடைபெற்றபோது, மாணவரோடு ஆசிரியரும் சேர்ந்து ஆடினர். அடுத்த ஆண்டு முதல் மாணவர் மட்டுமே களமிறங்கினர். பெரியோர் அன்று களத்தை விட்டு அகன்றனரேயன்றி, எல்லைக்கோட்டை விட்டு அகன்றாரல்லர். பன்னிரண்டு வயதுச் சிறுவர் ஆடும் இடத்தில் தோல்விக்காக மிகுதியும் வருந்துபவர் யாரென நோக்கினால், அவர் பெரும்பாலும் பயிற்றுநராகவோ தந்தையாகவோ இருப்பார். இருவரும் ஒருவரேயாயின் சங்கடம் இரட்டிப்பாகும்.

அணியிலே வேகமாகப் பந்து வீசவல்ல சிறுவன் ஒருவன் இருப்பின், அவனே அணியின் பலம், ஆபத்தும் அவனுக்கே. விக்கெட்டுகள் விழுகின்றன என்பதற்காகப் பந்து மீண்டும் மீண்டும் அவன் கைக்கே செல்கிறது. வேகப்பந்து வீசுபவனின் முன்கால் நிலத்தில் ஊன்றும் கணத்திலே, உடலெடையிலும் பன்மடங்கான விசை காலின் வழியாக இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறுகிறது. அதே கணத்தில் முதுகெலும்பு பின்னோக்கி வளைந்து, ஒருபுறம் சாய்ந்து, திருகவும் செய்கிறது. வளர்ச்சி முடிவுறாத எலும்பு இதனை ஓரளவுக்கே தாங்கும். ஓய்வின்றித் தொடர்ந்தால், முதுகின் கீழ்ப்பகுதியிலுள்ள முள்ளெலும்பிலே மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகலாம். முதலில் தோன்றுவது சிறு வலிதான். பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்புறத்தில், பின்னே வளையும்போது அது தெரியும். அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்றஞ்சிச் சிறுவன் அதை வெளியே சொல்லமாட்டான். வெடிப்பு ஆறுவதற்கோ மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும்.

இதனாலேயே இங்கிலாந்தில் இளம் வேகப்பந்து வீச்சாளருக்கு வரம்பு விதித்தனர். நெடுங்காலம் வழக்கிலிருந்த விதியின்படி, பதின்மூன்று வயதுக்குட்பட்டவர் தொடர்ச்சியாக 5 ஓவர்களும் நாளொன்றுக்கு 10 ஓவர்களும் மட்டுமே வீசலாம். ஆனால் போட்டியில் வீசுவது மட்டுமே கணக்கன்று. காலையில் பாடசாலைப் பயிற்சி, மாலையில் கழகம், விடுமுறை நாளில் ஊர் வெளியிலே நண்பருடன் ஆட்டம் என ஒரே முதுகு மூன்று இடங்களில் உழைக்கிறது. ஒவ்வொரு பயிற்றுநரும் தமது பங்கையே அறிவார். முழுவதையும் கூட்டிப் பார்க்கக்கூடியவர் பலவேளைகளில் தாய் ஒருவரே. அவரைக் கேட்பது பயிற்றுநருக்கு இழுக்கன்று.

பந்தும் கவனத்துக்குரியது. ஆடவர் ஆடும் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குரியது 133 முதல் 144 கிராம். சிறிய கையிலே பெரிய பந்தைக் கொடுத்து, 22 யார் தூரத்துக்கும் எறியச் சொன்னால், சிறுவன் உடலை முறுக்கித் தலையைச் சாய்த்தே அதனை அங்கு சேர்ப்பான். பிழையான வீச்சு அவ்வாறே பழக்கமாகிறது. ஆடுதளத்தைச் சில யார் குறுக்குவதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.

ஒரு சிறுவனுக்கு ஒரே வேலை என்று முத்திரை குத்துவதும் தவறு. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரன், கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிலே மிதவேகப் பந்து வீச்சாளராகவே தொடங்கினார். பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படியே பதினான்காவது வயதில் சுழற்பந்துக்கு மாறினார். அவ்வயதிலும் மாறுவதற்கு இடமிருந்தது.

தன் மகன் ஆடும் அணிக்குத் தந்தையே பயிற்றுநராயின், மகனுக்குச் சலுகை காட்டுவார், அல்லது பிறர் பழிப்பரென்று அவனிடமே கடுமை காட்டுவார். இரண்டாவதே அதிகம் காணப்படுவது. அதையே சிறுவன் நெடுநாள் மறவான். அவன் துடுப்பெடுத்தாடும் முறையை வேறொருவர் தீர்மானிக்கும்படி விடுவது நன்று. வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் உரிமையும் மகனுக்கே இருக்கட்டும். அவன் பசிக்கிறது என்று மட்டும் சொன்னால், தேநீர்க் கடையிலே நிறுத்தி ஒரு வடை வாங்கிக் கொடுப்பதோடு அன்றைய பயிற்சி முடிந்தது.