கோப்பு அடுத்த கணிப்பொறியில் திறக்குமா?

தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டில் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஒரே பெட்டியில் இரண்டு இயக்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இயக்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளை வேலை வாங்கும் அடிப்படை நிரலாகும். பொத்தானை அழுத்தியதும், எந்தத் தளம் வேண்டும் என்று பெட்டியே நம்மைக் கேட்கும்.

பர்கூர் மாணவி ஒருத்தி, தன் பாட்டி சொன்ன விடுகதைகளை விண்டோஸில் 'பாமினி' என்ற எழுத்துருவைக் கொண்டு தட்டச்சு செய்து வைத்தாள் என்று கொள்வோம். மறுநாள் அதே கோப்பை லினக்ஸில் திறக்கிறாள். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன! பாட்டியின் விடுகதைகள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. கோப்புக்குள் எழுத்துகள் என்று எவையும் கிடையா. இருப்பவை எண்கள் மட்டுமே. நம் மாணவியின் கோப்பில் இருப்பவை 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். உலக வழக்கில் இவை ஆங்கில எழுத்துகளுக்கும் அரைப்புள்ளிக்கும் உரியவை. பாமினி எழுத்துருவோ, 106 வந்தால் 'த' வடிவத்தை வரை, 107 வந்தால் 'ம' வடிவத்தை வரை என்று திரைக்குச் சொல்லித் தருகிறது. அந்த எழுத்துரு இல்லாத பெட்டிக்கு இந்த இரகசியம் எப்படித் தெரியும்?

இணையம் பரவத் தொடங்கிய காலத்தில் இத்தகைய எழுத்துருக்கள் பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அட்டவணை. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு 'டாம்', 'டாப்' என்ற பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. அவையும் ஆங்கிலத்தோடு இடத்தைப் பங்கிட்டுக்கொண்டவையே. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது 2010-இல்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்பது தனிக் கதை.

பர்கூர் என்றதும் மாட்டினத்துக்குப் பேர்போன ஈரோட்டு மலைப் பர்கூரை நினைத்துவிட வேண்டாம். நாம் சொல்வது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவுளிக் கடைகளின் பர்கூர். வடக்கே ஆந்திரத்தின் குப்பம். வடமேற்கே ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். இவ்வட்டாரத்தில் ஒரே வீட்டில் மூன்று மொழிகள் புழங்குவது புதுமையன்று. யூனிகோடு அட்டவணையிலும் இம்மொழிகள் பக்கத்து வீட்டுக்காரர்களே! தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. தெலுங்குக்கு 3072 முதல் 3199 வரை. கன்னடத்துக்கு 3200 முதல் 3327 வரை. ஆகவே ஒரே கோப்பில் மூன்றையும் சண்டையின்றி எழுதலாம். பாமினியில் இது நடவாது.

இனி ஒரு சோதனை. நோட்பேடில், தமிழ் யூனிகோடு விசைப்பலகையைக் கொண்டு 'தமிழ்' என்ற ஒரு சொல்லை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். யூடிஎஃப்-8 என்ற முறையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பிறகு கோப்பின் அளவைப் பாருங்கள்: 15 பைட்டு. த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி ஆகிய ஐந்து குறிகளுக்கும் இம்முறையில் தலைக்கு மூன்று பைட்டு. 18 என்று வந்தால், கோப்பின் தலையில் மூன்று பைட்டு அடையாளக் குறி ஒன்று ஒட்டியிருக்கிறது என்று பொருள். 12 என்றால் அது யூடிஎஃப்-16. வெறும் 5 என்றால் ஐயப்படுங்கள். பாமினியாக இருக்கலாம், அதைவிடக் கெட்டதாகவும் இருக்கலாம். கோப்பைத் திறக்காமலேயே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது அல்லவா?

அடுத்து அதே கோப்பை மற்ற இயக்குதளத்தில் திறந்து பாருங்கள். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் கோப்பு நலமே. அப்பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். தலைக்கோடிட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைத்த 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 கோப்பைப் பழைய அட்டவணையைக் கொண்டு படிக்கிறது அந்நிரல். குறியீட்டை மாற்றச் சொன்னால் தமிழ் திரும்பிவிடும். பாமினிக் கோப்பையும் மாற்றி நிரலால் மீட்கலாம்.

அஞ்ச வேண்டியது கேள்விக்குறி வரிசைக்கே. விண்டோஸில் 'ஆன்சி' முறையில் தமிழைச் சேமித்தால், அந்த அட்டவணையில் இடமில்லாத ஒவ்வொரு குறியும் 63 என்ற ஒரே எண்ணாக மாறிவிடும். 63 என்பது கேள்விக்குறி. 'த'வும் 63, 'ழ'வும் 63. எது எதுவாக இருந்தது என்று பிறகு எந்த வல்லுநராலும் கூற இயலாது. சேமிக்கும்போது நோட்பேடு ஓர் எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காமல் 'சரி'யை அழுத்துவோரே மிகுதி. ஆகவே சோதனை முடியும்வரை மூலக் கோப்பின் மேல் சேமிக்க வேண்டாம். நகலை வைத்தே சோதியுங்கள்.

எழுத்து சரியாக வந்தும் வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீள வரியாகத் தெரிவதுண்டு. தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் வண்டியை ஓரத்துக்குத் தள்ளுகிறோம். தாளை ஒரு வரி உயர்த்துகிறோம். இவ்விரு செயல்களுக்கும் 13, 10 என்ற எண்கள் உண்டு. விண்டோஸ் இரண்டையும் எழுதும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். நோட்பேடு லினக்ஸின் வரி முடிவைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது 2018-இல்தான். லினக்ஸின் சில நிரல்கள் கடைசியில் ஒரு 10-ஐத் தாமாகவே சேர்ப்பதால், நம் 15 அங்கே 16 ஆகலாம், அது குற்றமன்று.

கோப்பைச் சுமக்கும் பென்டிரைவையும் கவனியுங்கள். லினக்ஸுக்கே உரிய 'எக்ஸ்ட்-4' முறையில் அமைத்ததை விண்டோஸ் தானாகப் படிக்காது. 'ஃபாட்-32' முறையை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் படிக்கும். ஆனால் 4 ஜிகாபைட் அளவை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. பள்ளி ஆண்டு விழாவின் முழு வீடியோவை எடுத்துச் செல்வோருக்குத்தான் இது தடையாகும்.