வெளியே வர முடியாதவரை வெளியே வரச் சொல்லும் சான்றிதழ்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் கை கால் இழந்த தொழிலாளிக்கு இழப்பீடு கேட்பது ஒப்பீட்டளவில் எளிதாக இருந்தது. காயம் கண்ணெதிரே இருந்தது. கல்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து மூச்சு வாங்கியவரின் நிலை அப்படியில்லை. வெளிப்பார்வைக்கு அவர் முழு ஆள். 1940இல் மைசூர் சமஸ்தானம் சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த நோய் இழப்பீட்டுக்கு உரியதாக ஆனது. அதையடுத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத பாதிப்பை அரசு அளக்கக் கற்றுக்கொள்ள முடியும், கற்றுக்கொண்டால் அதுவரை எண்ணப்படாதவர்கள் எண்ணிக்கைக்குள் வருவார்கள் என்பதற்கு இந்த ஊரைவிட நல்ல சான்று இல்லை. இதே ஊரின் கோரமண்டல், சாம்பியன், ஊரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் தீவிரப் பதற்ற நோயோடு வாழ்பவர்கள் இன்று அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களை ஏற்பதற்கான சட்டம் இருக்கிறது, அளவுகோலும் இருக்கிறது. அந்த அளவுகோலின் முன்னால் அவர்கள் போய்ச் சேர்வதற்கான வழிதான் அடைபட்டிருக்கிறது.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. சிந்தனை, மனநிலை, புலனறிவு, நினைவு போன்றவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு, ஒருவர் அன்றாட வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனை மோசமாகப் பாதிக்குமானால் அது மனநோய் என்கிறது சட்டம். எந்த நோயின் பெயரையும் அந்த வரையறை சொல்லவில்லை. பதற்ற நோய் அதில் இல்லை என்று யாராவது சொன்னால், மனச்சிதைவும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை என்பதே பதில். தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. 2002இல் உருவான பழைய மதிப்பீட்டுக் கையேடு மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மறதிநோய், எண்ணச்சுழற்சி நோய் ஆகிய நான்கையே சலுகைக்கு உரியவையாகக் கொண்டிருந்தது. அந்தப் பழக்கம் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் தங்கியிருக்கிறது. ஆனால் 2006இல் அசாம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, பதற்றம் உள்ளிட்ட ஏழு மனநோய்களை, இன்றும் பயன்படும் அதே அளவுகோலால் அளந்து பார்த்தது. ஏழிலும் கணிசமான செயலிழப்பு இருந்தது. மனச்சிதைவில் அது மிக அதிகம் என்பது உண்மை. மற்றவற்றில் இல்லை என்பது உண்மையல்ல.

அந்த அளவுகோலின் பெயர் 'ஐடியாஸ்'. இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு வகுத்தது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிறவரும் வீட்டாரும் அதன் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பலர் தோற்பது இந்தக் கணக்கு தெரியாததால்தான். தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 4 வரை மதிப்பெண். இவற்றோடு நோய் நீடித்த காலத்துக்கும் மதிப்பெண் உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 1, பத்து ஆண்டைத் தாண்டினால் 4. மொத்தம் 20. இதில் 7 மதிப்பெண் வந்தாலே 40 விழுக்காட்டுப் பிரிவுக்குள் வந்துவிடலாம். சலுகைகளின் வாசல் அந்த 40 விழுக்காடுதான். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பதற்ற நோயோடு இருக்கும் ஒருவர் அதை ஆவணத்தோடு காட்டினால், அந்த ஒரு வரியிலேயே 4 மதிப்பெண் கிடைக்கிறது. மீதி மூன்றுதான் தேவை. ஆவணம் இல்லாவிட்டால் அதே நபர், அதே நோயோடு, வாசலுக்கு வெளியே நிற்பார். தங்கவயலில் இது சின்ன விஷயமில்லை. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது வேலை மட்டும் போகவில்லை, தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தவர்கள் தலைமுறைகளாகப் போய்வந்த கம்பெனி மருத்துவமனையும் போனது. அதன்பின் இந்தக் குடும்பங்களின் மருத்துவ வரலாறு தனியார் கிளினிக்குகளின் துண்டுச் சீட்டுகளிலும் பெங்களூரு மருத்துவமனைகளின் வெளிநோயாளி அட்டைகளிலும் சிதறிக் கிடக்கிறது. நெஞ்சு படபடக்கிறது என்று இதய மருத்துவரிடம் போய் எடுத்த பழைய ஈசிஜி தாளும் இங்கே சான்றுதான்.

வேலை என்ற பகுதியில் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலில் வேலை என்றால் பெரும்பாலும் பெங்களூருதான். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பி கோரமண்டல், பங்காரப்பேட்டை வழியாகப் போகும் ரயிலில், கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் போய்வருகிறார்கள். கூட்டத்தைக் கண்டால் மூச்சடைத்து, செத்துவிடுவோம் என்ற அச்சத்தில் உடல் நடுங்கும் ஒருவருக்கு அந்த ரயில் இல்லை என்றால் இந்த ஊரில் பிழைப்பும் இல்லை. வீட்டில் சமைக்கிறார், தெருமுனைக் கடைக்குப் போய்வருகிறார் என்பதை வைத்து 'வேலை செய்யக்கூடியவர்' என்று எழுதுவது, அவர் வாழும் இடத்தை மறந்துவிட்டு எழுதும் தீர்ப்பு.

பதற்ற நோயின் இயல்பே மதிப்பீட்டை ஏமாற்றக்கூடியது. உடல் தானாக ஒரு வழி கண்டுபிடிக்கிறது: எது பயமுறுத்துகிறதோ அதைத் தவிர்ப்பது. கல்யாணத்துக்குப் போவதில்லை, போனை எடுப்பதில்லை, பேருந்தில் ஏறுவதில்லை, கடைசியில் வாசலைத் தாண்டுவதில்லை. இப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டவர் மருத்துவர் முன்னால் அமைதியாகவே தெரியலாம். 'கடந்த மாதம் எத்தனை முறை பதற்றம் வந்தது' என்று கேட்டால் இரண்டு முறை என்று உண்மையையே சொல்வார். அவருக்கு நோய் குறைவு என்று அதற்குப் பொருளில்லை, வாழ்க்கை குறைந்துவிட்டது என்றுதான் பொருள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எதையெல்லாம் நிறுத்திவிட்டீர்கள் என்பது. விண்ணப்பிப்பவர் தரப்பிலும் இதை எழுதி எடுத்துப் போவது நல்லது: எந்த ஆண்டு படிப்பு நின்றது, எந்த வேலையை எப்போது விட்டார், தனியாக எங்கே போக முடியும், யார் துணையில்லாமல் என்ன செய்ய முடியாது. பேச்சு வராத அந்த அறையில் காகிதம் பேசும்.

இந்தக் குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் 2017இல் அரசு ஒரு விதியைத் திருத்தியது. பயணம் செய்ய முடியாமை உளவியல் துயரத்தால் மட்டும் ஏற்பட்டதென்றால் உயர்நிலை நடமாட்ட உதவித்தொகை கிடையாது என்றது அந்தத் திருத்தம். அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லி ரத்து செய்தது. அடுத்த மாதமே அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டு, சுமார் 16 லட்சம் பேரின் கோப்புகளைத் திரும்பப் பார்ப்பதாக அறிவித்தது. கால் இல்லாததால் வெளியே போக முடியாததற்கும், அச்சத்தால் வெளியே போக முடியாததற்கும் விளைவில் வேறுபாடு இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இனி வழி. சான்றிதழுக்கான விண்ணப்பத்தை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளத்தில் பதிய வேண்டும். பிறகு மனநல மருத்துவர் உள்ள மருத்துவக் குழு முன் நேரில் போக வேண்டும். மாவட்டத் தலைநகரான கோலார், தங்கவயலிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்; தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் என்றால் பெங்களூருவரை பயணம். சான்றிதழ் கிடைத்தபின் ஓய்வூதியத்துக்கு நாடகச்சேரி என்ற வருவாய் அலுவலகத்தில் வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்று அடுத்த வரிசை. இவை பெரும்பாலும் கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த ஒருவர், அறிமுகமில்லாத மருத்துவரிடம், சரளமில்லாத மொழியில், தன் அச்சத்தை விவரிக்க வேண்டும். பேசிப் புரிந்துகொள்ளும் திறனுக்கு மதிப்பெண் போடும் தேர்வில் மொழி தெரியாததையும் நோயையும் பிரித்துப் பார்ப்பது யார் பொறுப்பு? பேருந்து, வரிசை, அந்நியர், கேள்விகள்: இந்த நோய் எவற்றைப் பறித்ததோ அவற்றையே விண்ணப்பத்தின் நிபந்தனையாக வைத்திருக்கிறோம். கடந்து வந்தவரைப் பார்த்து 'உங்களால்தான் வர முடிகிறதே' என்கிறோம். வர முடியாதவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் தேவையில்லை. தானாக விண்ணப்பிக்க இயலாதவருக்காகப் பாதுகாவலரோ, மாற்றுத்திறனாளிகள் நலனுக்கான பதிவு பெற்ற அமைப்போ விண்ணப்பிக்கலாம் என்று 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலேயே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. கர்நாடகத்தின் மனோசைதன்ய திட்டத்தில் செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. நகராட்சிப் பகுதிகளில் நகர மறுவாழ்வுப் பணியாளர்களும் கிராமப் பஞ்சாயத்துகளில் கிராம மறுவாழ்வுப் பணியாளர்களும் இருக்கிறார்கள். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சான்றிதழ் குழுவே வந்து உட்கார்ந்தால், வீட்டைவிட்டு வர முடியாதவரை மறுவாழ்வுப் பணியாளர் தமிழ் தெரிந்த செவிலியரோடு வீட்டிலேயே சந்தித்து அறிக்கை எழுதினால், பாதி வழி திறந்துவிடும். ஆள்களும் இருக்கிறார்கள், நாளும் இருக்கிறது. உத்தரவுதான் இல்லை.

எதிர்க்கருத்துகள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பதற்றம் யாருக்குத்தான் இல்லை, வாசலை அகலத் திறந்தால் பொய்யர்கள் வருவார்கள் என்பது முதலாவது. எண்கள் வேறு கதை சொல்கின்றன. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது, சிகிச்சை கிடைக்காதோர் நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ நாடு முழுவதும் மனநோயால் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 7.2 லட்சம் பேர் என்றது. மனநலக் கோளாறு உள்ள எல்லோரும் மாற்றுத்திறனாளிகள் அல்லர் என்று பெரிய கழிவு கொடுத்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது. நம் சிக்கல் பொய்யாக வருகிறவர்கள் அல்லர், உண்மையாக இருந்தும் வராதவர்கள்.

இரண்டாவது வாதம் கனமானது: பதற்றம் குணமாகக்கூடியது, சான்றிதழ் கொடுத்தால் நோயையே அடையாளமாக ஆக்கிவிடுவோம், கல்யாணம், வேலை எல்லாம் கெடும். குணமாகலாம் என்பது உண்மை. அதற்காகத்தான் தற்காலிகச் சான்றிதழ் என்ற ஏற்பாடு இருக்கிறது. நலம் கூடினால் மறுமதிப்பீட்டில் விழுக்காடு குறையட்டும். ஆனால் மருந்துக்கும் பயணத்துக்கும் காசில்லாதவரிடம் முதலில் குணமாகு, பிறகு உதவி என்பது நியாயமில்லை. முத்திரை பற்றிய அச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கும் கல்யாணப் பேச்சில் அது வரத்தான் செய்கிறது. அதே ஆவணம் கேடயமாகவும் ஆகும். ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநோயால் 40 முதல் 70 விழுக்காடு குறைபாடு உள்ளதாக மதிப்பிடப்பட்ட மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாகுபாடு என்று கருதி விலக்கியது. பதிவு இல்லாதிருந்தால் அந்தப் பாதுகாப்பைக் கேட்டே இருக்க முடியாது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது எவ்வளவு? 2021 ஜூலையில் கர்நாடக அரசு 40 முதல் 75 விழுக்காடு வரை குறைபாடு உள்ளவர்களின் மாத உதவியை 600 ரூபாயிலிருந்து 800 ரூபாயாக உயர்த்தியது. அதே நாளில் முதியோருக்கான சந்தியா சுரக்ஷா தொகை 1,000த்திலிருந்து 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் தொகை, மற்றவர்களுக்கான ஒத்த திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவு. 1,200க்குக் கால்பங்கு கூட்டினால் 1,500. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊன ஓய்வூதியம் இன்னும் மாதம் 300 ரூபாய் என்ற அளவிலேயே கிடக்கிறது, அதுவும் 80 விழுக்காட்டுக்கு மேல், வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்ற நிபந்தனையோடு. அந்த வரம்பைப் பதற்ற நோயாளி எட்டுவது அரிது. தொகை போதாது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் 800 ரூபாய் மாத மருந்துச் செலவைத் தாங்கும் வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பழைய மருத்துவச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். ஆண்டு வரிசையில் அடுக்கி வையுங்கள். நேரில் பேச முடியாதவர் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். மருத்துவக் குழு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அந்த முடிவு வந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.