எச்சில் தூங்கும் நேரம்

பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப் பழகிய குழந்தைக்குச் சொத்தை விழுந்தால், அது விழும் இடத்தைக் கவனியுங்கள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஈறோரமாக அரித்துப்போயிருக்கும். கீழ்வரிசை முன்பற்களோ பெரும்பாலும் அரிசிமணி போல வெள்ளை வெளேரென்று இருக்கும். அதே சர்க்கரைப் பால், அதே வாய்.

புட்டியைச் சப்பும்போது நாக்கு முன்னே வந்து கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. எச்சில் சுரப்பிகளில் முக்கியமானவை திறப்பதும் நாக்கின் அடியில்தான். மேல்பற்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எச்சில் என்றாலே முகம் சுளிக்கிறோம். எனக்கோ, உடம்பில் ஊறுகிறவற்றில் ரத்தத்துக்கு அடுத்தபடி அதன்மேல்தான் மரியாதை. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலில் கரைந்துபோனதைத் திரும்ப நிரப்புகின்றன. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும். அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற பல் ஆராய்ச்சியாளர் இதைப் பல்லின் மேலேயே அளந்து பார்த்தார். சர்க்கரைக் கரைசலில் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் அளவு சரிகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

அது விழித்திருப்பவரின் கணக்கு. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றேவிடுகிறது, விழுங்குவதும் குறைந்துவிடுகிறது. கடைசி வாய்ப் பால் பல்லின் மேல் குளமாகத் தேங்கி நிற்கிறது, கழுவ ஆளில்லாமல். காலையில் நம் வாய் நாறுவதும் இதனால்தான்: காற்றுப் புகாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியா, இரவெல்லாம் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விட்டிருக்கும்.

வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் இருக்கிற ஈரமும் காய்ந்துவிடும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில், சிலரை மூக்கில் கிளிப் மாட்டித் தூங்கவைத்து, வாய்க்குள் அளவுகருவி பொருத்திப் பார்த்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. வழக்கமாக 7 அளவில் இருக்கும் பிஎச் சராசரியாக 6.6-க்கு இறங்கியது, சில நேரம் 3.6 வரை போனது. அது ஏறத்தாழ ஆரஞ்சுச் சாற்றின் புளிப்பு.

இரவில் பல் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது என்று பல் மருத்துவர்கள் சொல்வதும், புட்டி இல்லாமல் தூங்காத பிள்ளைக்கு அதில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கச் சொல்வதும், காவல் இல்லாத இந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்.