"நல்லா நித்திரை கொள்ளுது" என்று விட்டுவிடாதீர்கள்

தீவகத்தில் இருந்து பச்சைப் பிள்ளையோடு வருகிற குடும்பங்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "நல்லா நித்திரை கொள்ளுது எண்டு விட்டிட்டம் டொக்டர்." அதைச் சொல்லும்போது பிள்ளை தாயின் கையில் துவண்டு கிடக்கும். நெற்றியில் கறுத்தப் பொட்டு, முகம் நிறையப் பவுடர். பவுடரைத் துடைத்துவிட்டு மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் அடியில் மஞ்சள் தெரியும். சட்டையைக் கழற்றினால் வயிறு, தொடை, உள்ளங்கால் வரைக்கும் அதே மஞ்சள்தான். எப்போதிருந்து பால் குடிக்கவில்லை என்று கேட்டால், "முந்தநாள் பின்னேரம் தொடக்கம்" என்று பதில் வரும்.

அந்த முந்தநாள் பின்னேரமே புறப்பட்டிருந்தால் பயப்பட ஒன்றும் இருந்திராது. இதை எத்தனையோ தாய்மாரிடம் சொல்லிவிட்டேன். இனியும் விடுதியில் நின்று சொல்லிக்கொண்டிருக்காமல், பிள்ளை பிறக்கும் முன்னரே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு ஏறும் மஞ்சள்

பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் கிழமையில் மஞ்சள் வரும். பெரும்பாலானோருக்கு அது தானாகவே இறங்கிவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு கிழமைக்குள் மறையும். தீவக மக்களுக்கு இதில் உள்ள சிக்கல் நாட்கணக்கில்தான் இருக்கிறது. சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது பிள்ளை நல்ல நிறமாக இருக்கும். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ போய்ச் சேர்ந்த பிறகுதான் மஞ்சள் ஏறத் தொடங்கும். வைத்தியர் பார்க்க வேண்டிய நாளில் பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களுக்கு யாழ்ப்பாணம் வரத் தரைப்பாதை இருக்கிறது. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்குக் கடல் ஒன்றுதான் வழி. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரம், அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழியில் இன்னொரு மணி நேரம். சோளகமோ வாடையோ பலமாக வீசினால் அந்தப் படகும் ஓடாது. பட்டினத்தில் இருப்பவர் "விடியப் பார்ப்பம்" என்று இருந்தால் ஓர் இரவு போகும். தீவில் இருப்பவர் அப்படி இருந்தால் இரண்டு நாளும் போய்விடலாம்.

எந்த மஞ்சளுக்குப் பயப்பட வேண்டும்?

பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது ஆபத்து. எந்த நாளாக இருந்தாலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் ஆபத்து. மஞ்சளோடு பிள்ளை பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தால் பேராபத்து. பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் அளவு மீறினால் மூளைக்குள் போய்விடும். உயிர் தப்பினாலும் காது கேளாமை, கை கால் முறுகும் வாழ்நாள் ஊனம் என்று எஞ்சிவிடும்.

தாயின் இரத்தம் ஓ வகையாகவோ ஆர்எச் நெகட்டிவாகவோ இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நிறை மாதத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும் அப்படியே. மஞ்சளை ரியூப் லைற் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், பவுடர் இல்லாமல், உடுப்பைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு கிழமை தாண்டியும் மஞ்சள் நின்று, மலம் சுண்ணாம்பு போல் வெளிறிப் போனால் அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். ஆகவே அதையும் தள்ளிப்போடக் கூடாது.

வெயிலில் பிடித்தால் போகுமா?

போகாது. ஆனால் இந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் இருந்து வந்ததல்ல. இங்கிலாந்தின் ரொச்போர்ட் வைத்தியசாலையில் 1956 இல் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளை வெயில் படும்படி முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு பிள்ளையின் உடம்பு வெளிறியிருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றதைக் கண்டார். அதைப் பின்தொடர்ந்த வைத்தியர் கிரீமரும் கூட்டாளிகளும் 1958 இல் ஒளிச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தார்கள். வெளிச்சம் மஞ்சளை இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் வைத்தியசாலையில் நாம் பயன்படுத்துவது அளவான நீல ஒளி. உடுப்பில்லாமல், கண்ணை மட்டும் மூடி, இரவு பகலாக அதன் கீழ் வைத்திருப்போம். சட்டையும் தொப்பியும் போட்டுக் காலையில் பத்து நிமிடம் வாசலில் பிடிப்பதால் அந்த வேலை நடக்காது. கூடுதல் நேரம் பிடித்தால் தோல் சுடும், உடம்பில் நீர் வற்றும். எல்லாவற்றையும் விட, "வெயில் காட்டுறம்தானே" என்ற ஆறுதலில் மூன்று நாள் கழிந்துவிடும்.

தண்ணியும் வசம்பும் நூலும்

"வெக்கைக்குத் தொண்டை காயும்" என்று கொதித்தாறிய தண்ணி, சர்க்கரைத் தண்ணி, குளுக்கோஸ் தண்ணி கொடுக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். மஞ்சள் மலத்தோடுதான் வெளியேறுகிறது. மலம் போகப் பால் உள்ளே போக வேண்டும். தண்ணியால் நிரம்பிய வயிறு பால் கேட்காது. தண்ணி மிஞ்சினால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பும் வரும். கிணற்றுத் தண்ணி சவராக இருக்கிற தீவுகளில் இதை நான் விளக்கவும் வேண்டுமா?

வசம்பு சுட்டு உரைத்துக் கொடுப்பது, தேன் தடவுவது, ஓமத் தண்ணி, கிரைப் வாட்டர் எல்லாமே வேண்டாம். வசம்பு கொடுத்து வாந்தியும் மயக்கமுமாக வந்த பிள்ளைகளைப் பார்க்கிறோம். தேனில் இருக்கக்கூடிய கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தசைகளையே செயலிழக்கச் செய்யும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பது கிளினிக்கில் உங்களுக்குச் சொன்னதுதான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் சங்கை எடுப்பது ஏன்?

செங்கமாரி என்று பார்வை பார்த்து நூல் கட்டுவதும், தாய்க்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பதும் இன்னமும் நடக்கிறது. உங்கள் நம்பிக்கையை நான் தடுக்கவில்லை. நூலை வைத்தியசாலைக்கு வரும் வழியில் கட்டுங்கள். நூலைக் கட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். தாய் உண்ட சாப்பாட்டால்தான் மஞ்சள் வந்தது என்று பச்சை உடம்புக்காரியின் சோற்றைக் குறைப்பது பெரிய அநியாயம். பாலை நிறுத்துவது அதைவிட அநியாயம்.

பலர் அறியாத ஒன்றும் உண்டு. பெட்டிக்குள் பூச்சி உருண்டை போட்டு வைத்த பழைய சேலையையும் மூத்த பிள்ளையின் உடுப்பையும் எடுத்து அப்படியே பிறந்த பிள்ளையைச் சுற்றுவார்கள். ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த உருண்டையின் நெடி மட்டுமே இரத்தக் கலங்களை உடைத்து, ஒரே நாளில் மஞ்சளை உச்சத்துக்கு ஏற்றிவிடும். பிள்ளைப்பெறு வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம்.

மஞ்சள் இல்லாமலும் வரும் ஆபத்து

பிறந்த பிள்ளைக்குக் கிருமி தொற்றினால் பெரிய பிள்ளையைப் போல் காய்ச்சலோடும் அழுகையோடும் காட்டாது. அடங்கிப் போகும். உடம்பு குளிர்ந்தும் போகலாம். அழாத பிள்ளையை அமைதியான பிள்ளை என்று எடுத்துக்கொள்வதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. முதல் 28 நாளில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே புறப்படுங்கள்:

• பால் குடிப்பதை நிறுத்துதல், எழுப்பினாலும் எழும்பாத சோர்வு
• வலிப்பு
• நிமிடத்துக்கு 60 தரமும் அதற்கு மேலும் மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல்
• உடல் வெப்பம் 37.5 பாகை செல்சியசும் அதற்கு மேலும், அல்லது 35.5 க்குக் கீழ்
• பச்சை நிற வாந்தி
• கொப்பூழைச் சுற்றிச் சிவப்பு, சீழ்

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் பாணி கொடுத்துப் பார்க்காதீர்கள். மூத்த பிள்ளைக்குத் தந்து மிஞ்சிய மருந்துப் போத்தலைத் தொடவே வேண்டாம். கொப்பூழில் சாம்பல், எண்ணெய், மஞ்சள் எதையும் வைக்காமல் காய விடுங்கள். பிள்ளைக்கு மருந்து கொடுத்தோம் என்ற திருப்தி பெரியவர்களுக்கு. அதற்கான விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

படகில் கொண்டு வரும்போது

முதலில் தீவில் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து அறிவித்தால் படகு ஒழுங்கு செய்வார்கள். நெடுந்தீவில் இருந்து கடற்படையின் படகில் நோயாளர் வந்து சேர்வது வழமையான விடயம். 2018 இல் வடக்குக்கு வந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். படகேறும் முன்பே அழைத்துச் சொன்னால் இறங்குதுறைக்கு வரச் செய்யலாம்.

கடற்காற்றில் பிள்ளை குளிர்ந்து போவதுதான் வழியில் உள்ள பெரிய கெடுதல். சேலையை எத்தனை மடிப்பாகச் சுற்றினாலும், தாயின் வெறும் நெஞ்சோடு பிள்ளையின் வெறும் நெஞ்சை அணைத்து, மேலே போர்த்துவதற்கு ஈடாகாது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978 இல், இன்குபேட்டர் போதாமல் இருந்த வைத்தியசாலையில் தொடங்கிய கங்காரு முறை இதுதான். தாய்க்கு முடியாவிட்டால் தகப்பன் அணைக்கலாம். பிள்ளை தானாகச் சப்பினால் பால் கொடுங்கள். துவண்ட பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். கிளினிக் கொப்பியையும் துண்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அழுகை திரும்பும் நாள்

வந்ததும் இரத்தத்தில் பிலிருபினும் கிருமியும் பார்ப்போம். பிறகு நீல விளக்கு, தேவைப்பட்டால் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி. அளவு கைமீறினால் பிள்ளையின் இரத்தத்தையே மாற்ற வேண்டிவரும். நேரத்துக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு விளக்கும் தாய்ப்பாலுமே போதும்.

ஒரு நாள் விடியப்புறம் அந்தப் பிள்ளை முகம் சிவக்க வீரிட்டு அழும். பசி அழுகை. தாய் அவசரமாகத் தூக்கிப் பால் கொடுப்பாள், பிள்ளை சத்தம் கேட்கக் கேட்க உறிஞ்சும். வாசலில் நிற்கிற அம்மம்மா நயினை நாகபூசணி அம்மனைக் கூப்பிட்டு அழுவார். தகப்பன் யாருக்கோ தொலைபேசியில், "பால் குடிக்குதாம், பால் குடிக்குதாம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். இந்த ஆறுதல் எல்லா வீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

தீவகத் தாய்மாரிடமும் அம்மம்மாமாரிடமும் கேட்கிறேன். முடியுமானால் பிள்ளை பிறந்து ஐந்து நாளாவது யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் நில்லுங்கள். முடியாவிட்டால், நான்காம் ஐந்தாம் நாளில் பிள்ளையைத் தீவு வைத்தியசாலையில் கட்டாயம் காட்டுங்கள். முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் உடுப்பைக் கழற்றிக் காட்டுங்கள். வீண் அலைச்சல் என்று யாரும் உங்களை ஏச மாட்டார்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவதில் எங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பால் குடிக்காத பிள்ளையோடு ஓர் இரவும் தீவில் தங்கிவிடாதீர்கள்.