ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தால்: 'ட்ரெட்மில்' சோதனைக்குப் பயப்பட வேண்டுமா?

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டதும் ஊரில் ஒரு பேச்சு எழும்: "நேற்று அஸருக்குக்கூட வந்தாரே, நல்லாத்தானே இருந்தார்!" விசாரித்தால் பல நேரங்களில் மாரடைப்பு என்பார்கள். இன்னும் விசாரித்தால், சில மாதங்களாகவே நடக்கும்போது நெஞ்சு அடைப்பதாக அவர் வீட்டில் சொல்லியிருப்பார். கேஸ்ட்ரைட்டிஸ் என்று நினைத்து மருந்து குடித்திருப்பார். டொக்டர் 'ட்ரெட்மில்' சோதனைக்கு எழுதிக் கொடுத்த துண்டு அலுமாரியிலேயே கிடந்திருக்கும்.

நான் வைத்தியன் அல்ல. எல்கடுவையில் வாழ்பவன். 58 வயதில் இந்தச் சோதனையைச் செய்துகொண்டேன். பிறகு மச்சானையும் ராத்தாவையும் கூட்டிச் சென்றேன். போவதற்கு முன் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: "ஈ.சி.ஜி. எடுத்தாச்சு, நோர்மல் என்று சொல்லிட்டாங்க. பிறகு எதற்கு இது?" சாதாரண ஈ.சி.ஜி. நாம் கட்டிலில் படுத்திருக்கும்போது எடுப்பது. அப்போது இதயத்துக்கு வேலை குறைவு. இரத்தக்குழாய் ஓரளவு அடைபட்டிருந்தாலும் அந்த வேலைக்கு வேண்டிய இரத்தம் போய்விடும். ஏற்றத்தில் ஏறும்போது இதயம் வேகமாக அடிக்கும், அதற்கு அதிக இரத்தம் வேண்டும். சுருங்கிய குழாயால் அதைக் கொடுக்க முடியாதபோதுதான் நெஞ்சு இறுகும். நின்று இளைப்பாறினால் சில நிமிடங்களில் போய்விடும். 'அஞ்ஜைனா' என்பது இதுதான்.

எங்கள் ஊரில் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதென்றாலும் ஏற்ற இறக்கம்தான். ஆகவே அந்த அறிகுறி சமதரையில் வாழ்பவர்களைவிட எங்களுக்கு முன்கூட்டியே தெரியவரலாம். "போன வருடம் நிற்காமல் ஏறின ஏற்றத்தில் இப்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது" என்று கிளினிக்கில் சொல்லிப் பாருங்கள். "உடம்பு சரியில்லை" என்பதைவிட அது வைத்தியருக்கு எவ்வளவோ உதவும்.

சோதனை அறையில் நடப்பதும் அந்த ஏற்றம்தான், ஆனால் கண்காணிப்போடு. நெஞ்சிலும் உடலிலும் 10 ஸ்டிக்கர்கள் ஒட்டி ஈ.சி.ஜி. வயர்களைப் பூட்டுவார்கள். ஆண்களுக்கு முடி இருந்தால் அந்த இடங்களில் மழிப்பார்கள். கையில் பிரஷர் பட்டி இருக்கும். ஊசி குத்துவதில்லை, மின்சாரம் பாய்ச்சுவதில்லை. அந்த வயர்கள் இதயத்தின் துடிப்பைப் பதிவு மட்டுமே செய்கின்றன.

உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது அமெரிக்க இதயநோய் வைத்தியர் ரொபர்ட் புரூஸ் 1963 இல் வெளியிட்ட முறை. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகம், 10 சதவீதச் சரிவு. அதாவது 100 அடி நடந்தால் 10 அடி உயரும் ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கிலோமீற்றர், 12 சதவீதம். இப்படி ஒவ்வொரு 3 நிமிடத்துக்கும் வேகமும் சரிவும் கூடும். வயதை 220 இலிருந்து கழித்து, வருவதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். எனக்கு 220 இல் 58 போக 162. அதில் 85 சதவீதம் ஏறக்குறைய 138. பலரும் நடப்பது 6 முதல் 12 நிமிடம்தான். அதன் பிறகும் துடிப்பு அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்?" இதுதான் மச்சானின் பயம். நெஞ்சு வலி, தலைச்சுற்று, மூச்சு முட்டல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் பிரஷர் விழுந்தாலோ ஈ.சி.ஜி. மாறினாலோ அவர்களே நிறுத்துவார்கள். வெட்கப்பட்டு வலியை மறைப்பதுதான் ஆபத்து. பெரிய சிக்கல்கள் மிக அரிது. உயிராபத்து ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அவசர மருந்தும் ஆட்களும் பக்கத்தில் இருக்கும்போது நடப்பது இது. தேயிலை மலைப் பாதையில் தனியே ஏறும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை.

ராத்தாவின் தயக்கம் வேறு. நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டுவது யார், அவ்ரத் என்னாவது? நியாயமான கேள்வி. திகதி எடுக்கும்போதே பெண் தாதி ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள், ஸ்டிக்கர் ஒட்டிய பின் மூடிக்கொள்ளத் துணி கேளுங்கள். நீண்ட அபாயா ட்ரெட்மில்லில் காலில் சிக்கும். தளர்வான காற்சட்டை, முன்பக்கம் திறக்கக்கூடிய மேலாடை, மஃப்தா, நல்ல சப்பாத்து போதும். பெண்களுக்கு மாரடைப்பு வழமையான நெஞ்சு வலியாக இல்லாமல் களைப்பு, மூச்சு வாங்கல், தாடை அல்லது முதுகு வலியாகவும் வரலாம். அதனால்தான் "வேலைக் களைப்பு" என்று வீட்டில் தள்ளிவிடுகிறோம்.

போவதற்கு முன்: 2, 3 மணி நேரத்துக்கு வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். அன்று தேநீர், கோப்பி, சிகரெட் வேண்டாம். அட்டெனொலோல், பிசொப்ரொலோல் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைப்பவை. அவற்றை நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சீனி நோய்க்கு மருந்து பாவிப்பவர்களும் அன்றைய மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ரமழானில் திகதி விழுந்தால் நோன்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். அவசரமில்லை என்றால் மாற்றித் தரக்கூடும். அவசரம் என்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. முழங்கால் வருத்தத்தால் நடக்க முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்து இதயத்தைத் துரிதப்படுத்தி, எக்கோவில் பார்க்கும் முறையும் உண்டு.

'பொசிட்டிவ்' என்றால் உடனே பைபாஸ் என்று அர்த்தமில்லை. அஞ்ஜியோகிராம் போன்ற அடுத்த சோதனை தேவைப்படலாம். சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அடைப்பு இல்லாமலே பொசிட்டிவ் வருவதுண்டு. 'நெகட்டிவ்' என்றாலும் முழு உத்தரவாதம் அல்ல. இச்சோதனை பெரும்பாலும் குழாயை வெகுவாகச் சுருக்கிய அடைப்பைத்தான் காட்டும். சிறிய கொழுப்புப் படிவு ஒன்று திடீரென வெடித்தும் மாரடைப்பு வரலாம். எனவே சிகரெட்டை விடுவதும், பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மருந்துகளை ஒழுங்காக எடுப்பதும் எந்த முடிவு வந்தாலும் தொடர வேண்டியவை.

ஒன்றை மறக்க வேண்டாம். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வலித்து, வியர்த்து, வலி நிற்காவிட்டால் அது ட்ரெட்மில்லுக்குத் திகதி பார்க்கும் நேரமல்ல. 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள், அது இலவசம். மலைப்பாதையில் வாகனம் வந்து சேர நேரமெடுக்கும் என்பதால், "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்க எங்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு துண்டு கிடக்கிறதா? இந்த வாரமே எடுத்துக்கொண்டு மாத்தளைக்கோ கண்டிக்கோ, உங்கள் கிளினிக் எங்கேயோ அங்கே போய்த் திகதி கேளுங்கள். வாப்பாவோ உம்மாவோ தனியே போகத் தயங்கினால், பிள்ளைகளில் ஒருவர் ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள்.