குளிர்காலப் பாய்மரப் பந்தயம்: படகேறுமுன் கேட்டுவிடுங்கள்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே உள்ள சோலன்ட் நீரிணையில் குளிர்காலத்திலும் பாய்மரப் பந்தயங்கள் நடக்கின்றன. ஆள் குறைந்த படகுகள் அனுபவமில்லாதவர்களையும் துணைக்கு அழைக்கும். தாராளமாகப் போகலாம். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்துக் காற்றடித்தால் அங்கே குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். தளத்தில் கால் நிற்காது.

குளிர்நீரில் விழுந்தவர் உடல் விறைத்துத்தான் இறப்பார் என்று பலரும் நம்புகிறார்கள். அது மெதுவாக வருவது. அதற்கு வெகு முன்பே ஆபத்து வந்துவிடுகிறது. 15 டிகிரிக்குக் கீழான நீர் பட்டதும் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அந்தக் கணத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது கடல்நீர்தான். அடுத்த ஓரிரு நிமிடம் மூச்சிரைப்பு அடங்காது, இதயம் தடுமாறும். சில நிமிடங்களில் கைகால் சொன்னபடி கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். விழுந்தால் நீந்த முயலாமல் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. சொல்வதும் இதையே.

எனவே லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே, எல்லா உடைக்கும் மேலாக அணியுங்கள். வாயுக் குப்பி இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். தொடையிடைப் பட்டையை மாட்டாவிட்டால் ஊதிய ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும். சூழலுக்குத் தகுந்த மிதவை அணிவது ஒவ்வொருவரின் தனிப்பொறுப்பு என்கிறது சர்வதேசப் பந்தய விதி.

படகோடு பிணைக்கும் வாரை எங்கே மாட்டுவது என்றும் கேளுங்கள். 2017 நவம்பரில் கிளிப்பர் உலகச் சுற்றுப் பந்தயத்தில் ஒருவர் வார் மாட்டியிருந்தும் கடலில் விழுந்து இறந்தார். தளத்திலிருந்த கயிற்றுக்கட்டையில் சிக்கிய கொக்கி பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து கழன்றுவிட்டதைப் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு கண்டறிந்தது.

பந்தயத்தில் இறங்குவதும் தொடர்வதும் அந்தந்தப் படகின் முடிவு என்பதும் விதிதான். ஏற்பாட்டாளர் நிறுத்துவார் என்று காத்திருக்காதீர்கள். ஆபத்திலிருப்பவருக்கு உதவுவது எல்லாப் படகுக்கும் கடமை. அதனால் பின்தங்கிய படகு, இழந்த இடத்துக்கு நிவாரணம் கேட்கலாம்.

கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் பொறுப்புத் துறப்புக் கடிதத்தில் கையெழுத்து கேட்பது வழக்கம். கையெழுத்திட்டதோடு உரிமை போய்விட்டதென்று எண்ண வேண்டாம். நிறுவனத்தின் அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை நுகர்வோர் ஒப்பந்தத்தின் மூலம் தட்டிக்கழிக்க முடியாது என்கிறது 2015 ஆம் ஆண்டின் பிரிட்டன் நுகர்வோர் உரிமைச் சட்டம். நண்பரின் சொந்தப் படகென்றால் நிலைமை வேறு. படகின் காப்பீடு பந்தயத்துக்கும் பொருந்துமா என்று முன்பே கேட்பது முறை. காயம்பட்டால் மருத்துவச் சான்று, படங்கள், உடனிருந்தவர்களின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு வழக்கறிஞரைத் தாமதமின்றிப் பாருங்கள். புலனாய்வுப் பிரிவு காரணத்தைத்தான் தேடும். இழப்பீடு வாங்கித் தராது.

யாராவது விழுந்தால் உரக்கக் கத்துங்கள். ஒருவர் அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் ‘மேடே’ என்ற அபாய அழைப்பு விடுங்கள். முடிந்தவரை கிடைநிலையிலேயே தூக்குங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள்.

விழுந்தவரை இந்தப் படகில் எப்படி மேலேற்றுவீர்கள் என்று புறப்படுமுன் ஸ்கிப்பரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.