கப்பல் எஞ்சினில் ஒலிக்கும் அபாய மணி
ஆயில் பிரஷர் விழுந்தால் என்ன செய்கிறார்கள்?

விழிஞம் துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோவளம் பக்கம் போகிறவர்கள் கடலில் நிற்கும் பெரிய கப்பல்களைப் பார்த்து வாய் பிளக்கின்றனர். அடுக்கிய பெட்டிகள்தான் கண்ணுக்குத் தெரியும். அடித்தட்டு எஞ்சின் அறையை யார் பார்க்கப் போகிறார்கள்? கப்பலின் உயிர் இருப்பதென்னவோ அங்கேதான்.

கிராங்க் ஷாப்டும் பேரிங்கும் நேரடியாக உரசாமல் காப்பது இடையில் ஓடும் மெல்லிய எண்ணெய்ப் படலம். பம்பு தள்ளும் பிரஷர் குறைந்தால் படலம் அறுந்துவிடும். இரும்போடு இரும்பு உரசி, சில நிமிடங்களில் பேரிங் பிடித்துக்கொள்ளும். எனவே பிரஷர் இறங்கியதும் முதலில் மணி அடிக்கும், மாற்றுப் பம்பு தானே ஓடத் தொடங்கும். அதற்கும் கீழே போனால் எஞ்சின் தானாகவே நின்றுவிடும். நமது ரயில்வே டீசல் எஞ்சினிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் ரயில் நின்றால் தண்டவாளத்தில் நிற்கும். கப்பல் நின்றால் காற்று இழுத்த பக்கம் போகும்.

2019 மார்ச் 23இல் நார்வே நாட்டுக் கடலில் இதுதான் நடந்தது. 'வைக்கிங் ஸ்கை' என்ற உல்லாசக் கப்பலில் 1,373 பேர் இருந்தனர். நான்கு எஞ்சின்களில் ஒன்று ஏற்கெனவே பழுது. மற்ற மூன்றின் ஆயில் தொட்டிகளிலும் 28 முதல் 40 சதவீதம் எண்ணெய்தான் இருந்தது. தயாரிப்பாளர் சொன்ன அளவோ 68 முதல் 75. அன்று விடியற்காலை 5 மணியிலிருந்து 9 மணிக்குள் எண்ணெய் குறைவு மணி 18 தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் சில விநாடிகளில் மணி ஓய்ந்துவிட்டது. கப்பல் ஆடுகிறது, அதனால் அடிக்கிறது என்று எண்ணத் தோன்றும் அல்லவா? புயலில் தொட்டி எண்ணெய் அலைமோத, பம்பின் வாய்க்கு எண்ணெய்க்குப் பதில் காற்று போயிற்று. பிற்பகல் சுமார் 2 மணிக்கு எல்லா எஞ்சின்களும் நின்றன. பாறைக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு கப்பல் நீளம்கூட மிஞ்சாத நேரத்தில்தான் ஒரு எஞ்சினை மீண்டும் ஓட்ட முடிந்தது. 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கி எடுத்தனர். எண்ணெய் போதாமையே காரணம் என்று 2024இல் விசாரணை அறிக்கை கூறியது.

மணி அடித்தால் அதை அமர்த்துவது வேலையல்ல. மேல்தளத்துக்குச் சொல்லி லோடைக் குறைக்க வேண்டும். தொட்டியின் அளவு, பில்டர் அடைப்பு, எண்ணெயின் சூடு, டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். மீட்டரே பொய் சொல்வதும் உண்டு. அதை இன்னொரு மீட்டரைப் பார்த்துத்தான் தீர்மானிக்கலாம். எஞ்சின் நின்றவுடன் கிராங்க்கேஸ் மூடியைத் திறப்பது பேராபத்து. சூடான எண்ணெய் ஆவி காற்றுப் பட்டால் வெடிக்கும். 1947இல் 'ரெய்னா டெல் பசிபிகோ' கப்பலில் கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் மாண்டனர்.

தூத்தூர், குளச்சல் பக்கத்திலிருந்து கொச்சி வந்து ஆழ்கடலுக்குப் போகும் நம்மவர் விசைப்படகில் இத்தனை வசதி ஏது? ஒரே எஞ்சின், ஒரு சின்ன மீட்டர், டிரைவரின் காது. கரையை விடுமுன் ஸ்டிக்கை இழுத்து எண்ணெய் பார்ப்பதுதான் அங்கே பெரிய காவல். அலைத்தடுப்புச் சுவர் அருகே பிரஷர் விழுந்தால் நங்கூரம் போட்ட பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். நங்கூரம் எட்டாத ஆழம் என்றால் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகை அழைக்கலாம். கடலோரக் காவல் படையின் அவசரத் தொலைபேசி எண் 1554.